ஆப்பரேசனுக்கு முன் ஒரு விரதம்

தம்பி,

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கால்சட்டை அவிழ்ந்து விழுந்த கதையை நீ இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முதலில் நன்றி. உன் அம்மா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட கேண்டீனில் அவளோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும், ஆகையால் பத்து பெரண்டாம் என்கிற நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்னும் பெருகுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து அவற்றுக்கு நடுவே போய்ப் போய்த் திரும்ப வேண்டும். பிசியோ பிரிவில் வேலை செய்கிற நூருல் என்ற அந்த மலாய்ப் பெண் கையில் கடிகாரத்தோடு நின்றாள். நாலாவது சுற்றில் இடுப்பில் ஏதோ காற்றாடியது. குனிந்து பார்ப்பதற்குள் கால்சட்டை முழங்காலுக்கு வந்துவிட்டது. மருந்துக்குக் காத்திருந்த அம்மாமார் நாலு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நூருல் கடிகாரத்தை நிறுத்தவில்லை. "நடங்க அங்கிள், நேரம் ஓடுது" என்று மலாயில் சொன்னாள். முப்பது வருடம் பேக்டரி பஸ் ஓட்டியவன் நான். நேரம் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு நிற்கத் தெரியாது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மிச்ச நேரத்தையும் நடந்தே முடித்தேன்.

அடுத்த மாதம் நீ வேலை மாற்றலாகிப் பிந்துலுவுக்குப் போகிறாய். ஜொகூர் பாருவிலிருந்து சனிக்கிழமை காலையில் காடியை ஓட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்து நிற்பதைப் போல அங்கிருந்து வர முடியாது, நடுவில் கடல் இருக்கிறது. கோயில் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி செயலாளர் கேட்டபோது, என் மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்றேன். கத்திக்குப் போகப் போகிறவன் எவனாவது நம் பக்கத்தில் எப்போதும் இருப்பான். அவனுக்கும் உதவும். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் நீ பொறுத்துக்கொள். மற்றவர்கள் செயலாளரைத் திட்டட்டும்.

டாக்டர் முன்னால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த அந்த முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன். அவர் என்னிடம் மலாயில்தான் பேசினார், பொறுமையாகவும் பேசினார். பெருங்குடலில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும், அது கான்சர் என்று சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, பேக்டரி மானேஜர்கள் பலரைப் பார்த்தவன். அவர் என் கண்ணைப் பார்த்தார், உள்ளே ஆள் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. உன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். ஒரு மொழி முழுதாகத் தெரிந்தால் நிம்மதி. அறவே தெரியாவிட்டாலும் நிம்மதி. பாதி தெரிவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. 'இப்போது வேண்டாம்', 'நாலு வாரம்', 'நீங்கள் முடிவு செய்யுங்கள்' என்று துண்டு துண்டாக எனக்கு விழுந்தது. நீ கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தாய். பிறகு ஏதோ ஒன்று சொன்னாய். வெளியே வந்ததும் உன்னைக் கேட்டேன்.

"என்னடா சொன்னாரு?"

"உடம்பத் தயார் பண்ணிட்டு வரச் சொல்றாருப்பா. நாலு வாரம். நல்லா சாப்பிடணும், நடக்கணும், மூச்சுப் பயிற்சி செய்யணும், சிகரெட் கூடாது. அப்புறம் ஆப்பரேசன்."

"அவ்வளவுதானா? அவ்வளவு நேரம் பேசுனாரு."

"அவ்வளவுதான்லா அப்பா."

'அவ்வளவுதான்லா' என்று நீ சொன்ன விதத்தில்தான் என் சந்தேகம் முளைத்தது. சின்னப் பிள்ளையில் பள்ளி ரிப்போர்ட் கார்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நீ பேசிய அதே குரல். உனக்கு ஒரு பஸ்காரன் புத்தியைச் சொல்கிறேன் கேள். வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டால் மெக்கானிக் இரண்டு விதமாகப் பேசுவான். 'விட்டுட்டுப் போங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்' என்றால் வண்டி பிழைக்கும். 'கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, பார்ப்போம்' என்றால் அவன் கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம். வயிற்றுக்குள் கட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போய் நாலு வாரம் நடந்துவிட்டு வா என்கிறார்கள். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, குழாயில் மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளைத் தூக்கு என்கிறார்கள். அறுபத்து நாலு வயதுக்காரனுக்கு விளையாட்டுச் சாமான்! சாகப் போகிறவனைச் சும்மா உட்காரவைக்கக் கூடாதே என்று ஏதோ வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இதற்கு என் மகனும் உடந்தை என்று முடிவு கட்டிவிட்டேன்.

இப்படி நினைத்ததற்கு இன்னொரு காரணம் உன் தாத்தா. அவரை நீ பார்த்ததில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது அவருக்கு வயிற்றில் ஆப்பரேசன் என்று முடிவானது. எனக்கு இருபத்திரண்டு வயது. கத்திக்குப் போகிறவனை நடக்க விடக் கூடாது, உடம்பில் இருக்கிற பலம் செலவாகிவிடும் என்பது தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். யார் போட்டதென்று யாருக்கும் தெரியாது. பத்து நாள் அவரைப் படுக்கையிலேயே வைத்திருந்தோம். கஞ்சிதான் சாப்பாடு. கக்கூசுக்குக்கூட என் முதுகில்தான் போனார். "எறக்கி விடுடா, நான் நடக்குறேன்" என்பார். "சும்மா இருங்கப்பா" என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் எல்லாம், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஆப்பரேசன் நன்றாக முடிந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டிப் போய்விட்டார். கத்தி கொன்றுவிட்டது என்று நாங்கள் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து கத்தி என்றால் எனக்குச் சந்தேகம், கத்தி வைத்திருக்கிறவர்கள்மேலும் சந்தேகம்.

இப்போது என் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன். 'உடம்பைத் தயார் பண்ணு' என்றார்கள் அல்லவா? உடம்பைத் தயார் பண்ண எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருடம் காவடி எடுத்தவன். அலகு குத்துகிற இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் வராது என்றால் அது விரதத்தின் பலம் என்று நம்பி வளர்ந்தவன். ஒரு வேளைச் சாப்பாடு, மரக்கறி மட்டும், தரையில் படுக்கை, புகை கிடையாது. சின்ன ஊசிக்கே இத்தனை விரதம் என்றால் வயிற்றைக் கிழிக்கிற கத்திக்கு எவ்வளவு வேண்டும், நீயே சொல். மறுநாளே முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். மண்டலம் நாற்பத்தெட்டு நாள், கையில் இருப்பது நாலு வாரம், மிச்ச நாளைத் தள்ளுபடி செய்துகொள் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சிகரெட்டை விட வேண்டும் என்பதில் மட்டும் டாக்டரும் முருகனும் ஒரே கட்சி. அதனால் அதை ஒழுங்காக விட்டேன். மற்றதில் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் இழுத்தார்கள். நான் எனக்குப் பழக்கமான ஆளின் பக்கம் போய்விட்டேன்.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அது சாக்கு. உன் அம்மாவுக்குத் தெரிந்தால் கரண்டியோடு வருவாள் என்பதுதான் உண்மைக் காரணம். அவளோ ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்து அதன்படி நடந்தாள். காலையில் இரண்டு அவித்த முட்டை, மத்தியானத்துக்கு மீனோ கோழியோ, நடுவில் ஒரு குவளை சத்துப் பால். எல்லாவற்றையும் மேசையில் மூடிவைத்துவிட்டுக் கேண்டீனுக்குப் போவாள், மூன்று மணிக்குத்தான் வருவாள். முட்டையும் மீனும் ரெங்கசாமி மாமாவுக்குப் போயின. என்னோடு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், திடலில் என்னோடு நடக்க வருகிறவர். அவருக்கு விஷயம் தெரியும். "நீ விரதம் இரு மச்சான், நான் உனக்காகத் திங்கிறேன், புண்ணியம் ரெண்டு பேருக்கும்" என்பார். சத்துப் பால் பின்கட்டு வாழைக்குப் போனது. அந்த வாழை அந்த மாதம் போட்ட குலையைப் பார்த்து உன் அம்மா, "எரு கூடப் போடலியே!" என்று அதிசயப்பட்டாள். இரவில் மட்டும் அவள் முன்னால் உட்கார்ந்து சோறும் கீரையும் சாப்பிடுவேன். கறி வைக்க வந்தால், மத்தியானம் தின்றது இன்னும் செரிக்கவில்லை என்பேன். புழுக்கமாக இருக்கிறது என்று தரையில் படுத்தேன். அவள் சந்தேகப்படாமல் இல்லை. ஆனால் சிகரெட்டைச் சந்தேகப்பட்டாள். ஒரு நாள் என் சட்டைப்பையை மோந்து பார்த்தவளின் முகம் மாறிப்போனது.

"என்னங்க இது, பையெல்லாம் முட்ட நாத்தம்?"

"நடக்கும்போது பசிச்சா திங்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

"நடக்கும்போது முட்ட திங்கிறவன உலகத்துல இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். அப்படியும் விட்டுவிட்டாள். முட்டை நாற்றம்தான், புகை நாற்றம் இல்லை என்று அவளுக்கு ஒரு திருப்தி.

நீயோ சனிக்கிழமைதோறும் வந்தாய். அது என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற பிள்ளை வாரா வாரம் வருகிறான் என்றால் எந்த அப்பன்தான் தன் நாளை எண்ண மாட்டான்? ஆயர் குரோ ஏரிப்பக்கம் கூட்டிப்போய் என்னோடு நடந்தாய். நான் நின்றால் நின்றாய். என் மூச்சு வாங்குவதை ஒட்டுக் கேட்பதைப் போலத் தலையைச் சாய்த்து நடந்தாய். நடுவில் ஒரு தடவை என்னைத் தனியாக நிறுத்தி, "சட்டக் காலர நேரா விடுங்கப்பா" என்று சொல்லிப் படம் எடுத்தாய். அன்றைக்கு நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலிக்குக் கொடுப்பதற்குத்தான் எடுக்கிறான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சிரிக்கட்டுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்தப் படத்தில் நான் ஏன் கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி நிற்கிறேன் என்று நீ பிறகு கேட்டாய் அல்லவா, இதுதான் காரணம். நான் எப்படி நிற்கிறேன், தோள் சாய்கிறதா என்று பார்க்க நூருல் படம் கேட்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். சந்தேகப்படுகிறவன் கேட்க மாட்டான் தம்பி. கேட்டால் பதில் வந்துவிடும், சந்தேகம் போய்விடும். அது இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது.

இரண்டு வாரம் கழித்துச் சோதனைக்குப் போனோம். கால்சட்டை விழுந்தது அன்றைக்குத்தான். நிறுத்துப் பார்த்தார்கள், மூன்று கிலோ குறைந்திருந்தது. ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் முதல் தடவையை விடக் குறைவு. இரும்புச் சத்துக்கு ஊசி வழியாக மருந்தெல்லாம் ஏற்றியிருந்தார்கள், இரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் ஆள் இளைத்திருந்தேன். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இவ்வளவு சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் கட்டி வேறு இடத்துக்கும் பரவியிருக்கலாம், மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், பரவியிருந்தால் இந்த ஆப்பரேசனே வேண்டாம் என்று ஆகலாம் என்று இந்தத் தடவை மலாயிலேயே என்னிடம் நேராகச் சொன்னார். நான் நினைத்ததைத்தான் கடைசியில் சொல்கிறார்கள் என்று எனக்குள் ஒரு கெட்ட திருப்திகூட வந்தது. பிறகு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். "ஒரு நிமிசம்" என்று எழுந்து வெளியே போனாய். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன். குளிர்பானம் விற்கிற மெஷின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாய். காசு போடவும் இல்லை, எதையும் அமுக்கவும் இல்லை. அஞ்சலிப் படத்தை முன்கூட்டியே எடுத்துவைக்கிறவன் இப்படி நிற்க மாட்டான் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

உன்னைத் தேடி எழுந்து வந்தவனை நூருல் வழியில் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். கால்சட்டைக்கு ஒரு துண்டுக் கயிறு கொண்டுவந்திருந்தாள். என் உதட்டைப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அங்கிள், புவாசா?"

நோன்பா என்று கேட்கிறாள். வருடத்தில் ஒரு மாதம் நோன்பு இருக்கிறவளுக்கு நோன்பு முகம் தெரியாதா? டாக்டருக்குத் தெரியாதது, உன் அம்மா மோந்தும் பிடிக்க முடியாதது, அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நான் பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து எல்லாம் கொட்டிவிட்டது. காவடி, முருகன், ரெங்கசாமி, வாழைமரம், எல்லாம். அவள் சிரிக்கவில்லை.

"எங்களுக்கும் நோன்பு இருக்கு அங்கிள். ஆனா நோயாளிக்கு விலக்கு உண்டு. உடம்பு தேறின பிறகு அந்த நாள்கள ஈடு கட்டிக்கலாம். உங்க சாமி மட்டும் அவ்வளவு கண்டிப்பா?"

படிக்கிற பிள்ளைக்குச் சொல்வதைப் போல அவள் விளக்கினாள். ஆப்பரேசன் என்பது படுத்த இடத்தில் பெரிய மலை ஏறுவதைப் போல, ஏறுகிறது உடம்புதான், ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். வெட்டிய இடம் ஒட்டுவதற்குச் சதை வேண்டும், சதைக்கு முட்டையும் மீனும் வேண்டும். நடக்காமல் கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கும், வலியில் இருமித் துப்பவும் பலம் இருக்காது, அதற்குத்தான் முன்கூட்டியே நடையும் அந்தப் பந்து டப்பாவும் என்றாள். அதற்கு மேல் அவள் பேசியதை நான் கேட்கவில்லை. ஜாசின் தோட்டத்தில் என் முதுகில் ஒருவர், இறக்கி விடுடா என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவைக் கத்திதான் கொன்றது என்று நாற்பது வருடத்துக்கு மேல் சொல்லி வந்திருக்கிறேன். அவரைப் பத்து நாள் நடக்க விடாமல் தூக்கிச் சுமந்த முதுகு என்னுடையது. நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, நூருலும் சொல்லவில்லை. ஆனால் அவர் நடக்கிறேன் என்றார், நான் கேட்கவில்லை. உனக்கு நான் சொல்கிற புத்திகளில் இது ஒன்றையாவது எடுத்துக்கொள். நாளைக்கு நான் இன்னும் தளர்ந்து, எதையாவது நானே செய்கிறேன் என்று அடம்பிடித்தால், அன்பு என்று சொல்லி என்னைத் தூக்கிவிடாதே. விழுந்தால் பிறகு தூக்கு.

நீ திரும்பி வந்தாய். உன்னிடமும் சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீ கத்தவில்லை. அப்படியே தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய், கழற்றிப் போட்ட சட்டை மாதிரி. "சாப்பிடலியா? அதனாலதான் எளைச்சீங்களா? அவ்வளவுதானா?" என்று மூன்று தடவை கேட்டாய். பிறகு சிரித்தாய், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய். பொய் சொன்ன அப்பனைப் பார்த்து இவனுக்கு ஏன் இத்தனை சந்தோசம் என்று புது சந்தேகம் ஒன்று வந்தது. பழக்கம் உடனே போகுமா?

வீட்டில் நடந்ததை நீ பார்த்தாய், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். உன் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முட்டையெல்லாம் யாருக்குக் குடுத்தீங்க?"

"ரெங்கசாமிக்கு."

"அதான் அந்தாளு கன்னம் பன்னு மாதிரி ஆயிருக்கு" என்றவள் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் பின்னால் போனேன். சந்நிதியில் கைகூப்பி, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "முருகா, இந்தாளு சொன்னது செல்லாது. என்னைக் கேக்காம சொல்லிட்டாரு. மிச்ச நாள் விரதம் நான் இருக்கேன். அவரு திங்கட்டும்." பூசாரி தலையைக் குனிந்துகொண்டு விபூதியைக் கொடுத்தார். அன்றைக்கு வரும் வழியிலேயே ஒரு கடையில் என்னை உட்காரவைத்து மீன் கறியும் இரண்டு முட்டையும் வாங்கி வைத்தாள். எதிரில் உட்கார்ந்து வெறும் காப்பி குடித்தாள். பதினைந்து நாள் பட்டினிக்குப் பிறகு அந்த மீன் எப்படி இருந்தது என்று எழுதினால் கோயில் மலரில் போட மாட்டார்கள்.

ஸ்கேனில் பரவல் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆப்பரேசனைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். அந்த நாள்களில் நான் செய்ததைப் பார்த்தால் எந்தச் சாமிக்கும் பொறாமை வரும். காலையில் திடலைச் சுற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, தொடை நடுங்கும் வரை செய்தேன். மூன்று பந்தில் ஒன்றுதான் முதலில் அசைந்தது. பிறகு இரண்டு, கடைசி வாரத்தில் மூன்றும் மேலே ஏறி நின்றன. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீங்க ஊதல, இழுக்குறீங்க. இழுக்குறதுல நீங்க பழைய ஆளுதான்" என்றாள், சிகரெட்டை நினைத்து. ரெங்கசாமி மாமா தன் முட்டை போன சோகத்திலும் என்னோடு நடந்தார். கடைசிச் சோதனையில் முதல் தடவையை விட ஐந்து சுற்று கூடுதலாக நடந்தேன். இடுப்பில் இரண்டு பெல்ட் போட்டிருந்தேன். உண்மையில் ஒன்று போதும். ஆனால் நம்பிக்கை ஒரு நாளில் வந்துவிடாது.

ஆப்பரேசன் முடிந்தது. மறுநாளே என்னை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தையலைப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். இருமினேன், வலித்தது, சளி வெளியே வந்தது. அந்தச் சளியைப் பார்த்து ஏன் அழுகிறேன் என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார். மருந்து நெடி என்றேன்.

நாலாம் நாள் மருந்துப் புட்டி தொங்குகிற கம்பியைத் தள்ளிக்கொண்டு வார்டுத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தோம். நீ என் வயிற்றிலிருந்து வந்த குழாயின் பையைக் கையில் பிடித்திருந்தாய். ஜன்னல் வரை போய்த் திரும்பும்போது, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நீயாகவே பேசினாய்.

"அப்பா, அன்னைக்கு டாக்டர் இங்கிலீசுல கேட்டாருல்ல? ரெண்டு வழி இருக்குன்னாரு. ஒடனே செஞ்சா, உங்க ரத்தமும் நெஞ்சும் இருந்த நெலமக்கி அப்புறம் மூச்சு மெஷின்லேருந்து எடுக்க முடியாமப் போகலாம். காத்திருந்து உடம்பத் தேத்திட்டுச் செஞ்சா, அதுக்குள்ள கட்டி பெருசாவலாம், பரவலாம். அவரு காத்திருக்கிறது நல்லதுன்னு நெனைக்கிறாரு, ஆனா குடும்பம்தான் முடிவு பண்ணணும், வீட்டுல பேசிட்டு வாங்கன்னாரு. நான் பேசல. அங்கேயே காத்திருக்கலாம்னு சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லல, அம்மாகிட்டயும் சொல்லல. தப்பாப் போனா அது என்னோட மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

நீ ஏதோ மறைக்கிறாய் என்ற என் சந்தேகம் சரிதான். மறைத்தது என்ன என்பதைத்தான் கடைசி வரை தப்பாக நினைத்திருந்தேன். அந்த நாலு வாரத்தை நீ தனியாகச் சுமந்துகொண்டு சனிக்கிழமைதோறும் காடி ஓட்டி வந்திருக்கிறாய். நான் நின்ற இடத்தில் நின்று, என் மூச்சை எண்ணியிருக்கிறாய். நானோ அதில் இரண்டு வாரத்தை ரெங்கசாமிக்கும் வாழைமரத்துக்கும் ஊட்டிவிட்டேன். மூன்று கிலோ குறைந்தது என்று டாக்டர் சொன்னபோது, உன் முடிவுதான் என்னைக் கொல்கிறது என்று நினைத்துத்தான் அந்தக் குளிர்பான மெஷினில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாய். நான் பட்டினி கிடந்தேன் என்று தெரிந்ததும் அதனால்தான் தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

நீ சொல்லி முடித்ததும் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஓ, அப்படியா" என்றேன். பிறகு, "மெதுவாப் போலா, குழாய் இழுக்குது" என்றேன். நீயும் "சரிப்பா" என்று மெதுவாக நடந்தாய். கட்டில் வரைக்கும் வந்தோம். நீ தலையணையைச் சரி செய்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை.

நீ அங்கே நின்று காத்திருந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். என் வாய்க்குள் அது முழுதாக இருந்தது. நம் வீட்டு ஆண்கள் இந்த மாதிரிப் பேச்சை வெளியே விட்டுப் பழகியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், தம்பி. நான் பிழைத்ததால் நீ செய்தது சரியாகிவிடவில்லை. நான் அந்த ஆப்பரேசன் மேசையிலேயே போயிருந்தாலும் நீ எடுத்த முடிவு சரிதான்.